முதல் பெயர்

எங்கள் ஊரில் ஆள் எடுப்பதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று விடிவதற்கு முன்னால் உப்பளத்து மேட்டில் நடக்கும். மற்றது பொழுது சாயும்போது பக்கிங்காம் கால்வாய் ஓரத்து மணலில் நடக்கும்.

விடிகாலை மூன்றரை மணிக்கு மேஸ்திரி டார்ச் விளக்கோடு வந்து நிற்பார். பாத்தி மிதிக்க, உப்பு வார, வாரியதைச் சட்டியில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்ட அன்றைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். விளக்கு ஒவ்வொரு முகமாக நகரும். நின்ற இடத்தில் ஒரு பெயர் விழும். அகலத் தோளும் உறுதியான காலும் உள்ள ஆளின் பெயர்தான் எப்போதும் முதலில் வரும். என் அம்மா பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது. சில நாள் அவள் முகத்தில் விளக்கு நிற்காமலே தாண்டிப் போய்விடும். அன்றைக்கு வெளிச்சம் வருவதற்குள் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். வேலை கிடைக்காமல் திரும்புவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்கு.

சாயங்கால மணலில் நடப்பது வேறு. சடுகுடுவுக்கு இரண்டு தலைவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். மற்ற பையன்கள் எல்லாம் தன் பலத்துக்குச் சமமான ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்க வேண்டும். எவன் சூரியன், எவன் சந்திரன் என்று தலைவனுக்குத் தெரியாது. அவன் ஒரு பெயரைச் சொன்னதும் அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம் போவான், மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடி வரும். இதற்குப் பெயர் உத்தி பிரிப்பது. ஒற்றைப்படையாக ஒரு பொடியன் மிஞ்சினால் அவனை ஒப்புக்குச் சப்பாணி என்று இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்வோம்.

இதில் இருந்த நேர்த்தி எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. பலசாலியும் நோஞ்சானும் ஒரே ஜோடியாக வர முடியாது, வந்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள். அதனால் இரண்டு பக்கமும் தானாகவே சமமாகிவிடும். யார் முகத்தையும் பார்த்து யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கடைசியாக மிஞ்சிய பையன் என்று எங்கள் மணலில் ஒருவனும் வீட்டுக்குப் போனதில்லை.

என் உத்தி ஜோடி என் மாமா மகன். பிறந்ததில் எனக்கும் அவனுக்கும் பதினோரு நாள் வித்தியாசம். ஒரே உயரம், ஒரே ஓட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பக்கம் ஆடியதே கிடையாது, எந்நாளும் எதிரும் புதிரும்தான். அதனால் அவன் பாடி வரும்போது எந்தக் காலை முன்னால் வைப்பான், எப்போது மூச்சு குறையும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கணுக்கால் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

எங்கள் மரக்காணத்துப் பிள்ளைகளுக்குக் கால் வேறு மாதிரி இருக்கும். கழுவேலி நீர்ப்பரப்பை ஒட்டி 3000 ஏக்கருக்கும் மேல் உப்பளம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளைத் தயார் செய்வார்கள். சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை கல்லைப் போல இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும், இல்லாவிட்டால் மண் கலந்து பழுப்பாகும். கைகோத்து வரிசையாக நின்று, ஒரே தாளத்தில், மணிக்கணக்காக மிதிப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாங்களும் மிதிப்போம். குதிகாலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புத் தண்ணீர். அந்த எரிச்சலைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனால் அந்தத் தரையில் இரண்டு வருஷம் மிதித்தவனைச் சடுகுடு கோட்டில் நிறுத்தினால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசைய மாட்டான். எங்கள் ஊர் அணியைக் கூனிமேட்டிலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் மின்னொளிக் கபடிக்குத் தேடி வந்து கூப்பிட்டதற்குக் காரணம் இந்தக் கால்கள்தான்.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியை முதல்முறையாகப் பதக்கத்துக்கான ஆட்டமாகச் சேர்த்தார்கள். இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் தமிழ்நாட்டு ராஜரத்தினம் இருந்தார். நான்கு வருஷம் கழித்து ஹிரோஷிமாவில் மறுபடி தங்கம், இம்முறை மணத்தி கணேசன். செய்தித்தாளில் வந்த அந்தச் சின்னப் படத்தை மச்சான் வெட்டி, உப்பு மூட்டை தைக்கும் ஊசியால் வீட்டுத் தட்டியில் குத்தி வைத்திருந்தான். விழுப்புரம் தனி மாவட்டமாகி அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. புது மாவட்டத்துக்குப் புது அணி எடுக்கிறார்கள், பதினைந்து வயசுப் பையன்கள் வரலாம் என்று எங்கள் வாத்தியார் வந்து சொன்னார்.

அந்தக் காலையை நான் நூறு முறைக்கு மேல் திரும்ப நடத்திப் பார்த்திருக்கிறேன்.

நாலு மணிக்கு மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஐந்து மணிக்குத் திண்டிவனம் பஸ். "வெறும் வயித்தோட ஆடப் போறீங்களாடா?" என்று அம்மா கேழ்வரகுக் கூழைக் கரைத்து, சுட்ட கருவாட்டைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். நான் ஒரு சொம்பு. அவன் ஒரு சொம்பு குடித்து எழுந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து இன்னொரு சொம்பு ஊற்றினாள். தாயில்லாத பிள்ளை என்று அவளுக்கு எப்போதும் அவன்மேல் ஒரு கை கூடுதல். அவனும் மறுக்காமல் குடித்தான்.

கபடியில் வயது மட்டும் பார்ப்பதில்லை, எடையும் பார்ப்பார்கள். சின்னப் பிரிவுகளுக்கு எடைக்கு வரம்பு உண்டு. எங்களுக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும், எங்கள் மணலில் தராசு ஏது? தேர்வு நடந்த மைதானத்தின் வாசலிலேயே எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். நான் ஏறினேன், உள்ளே போகச் சொன்னார்கள். அவன் ஏறினான். முள் கோட்டைத் தாண்டி நின்றது. முக்கால் கிலோ.

"ஒரு மணி நேரம் இருக்கு, ஓடி எறக்கிட்டு வா" என்றார் அங்கிருந்த ஒருவர். மச்சான் ஓடினான். என் சட்டையையும் கழற்றி வாங்கி அவன் சட்டைமேல் போட்டுக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். எச்சில் துப்பிக்கொண்டே ஓடினான். மறுபடி ஏறினான், இன்னும் அரைக் கிலோ. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. திரும்பிப் போகும் பஸ் காசை எடுத்துக் கொடுத்து மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். தலையெல்லாம் வெட்டுக்காயம். மறுபடி ஏறினான். 200 கிராம். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. "அடுத்த வருஷம் வா தம்பி" என்றார்கள். அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது, விதி அப்படி.

மத்தியானம் ஒருவர் தாளை வைத்துக்கொண்டு பெயர் வாசித்தார். முதலில் வாசித்தது என் பெயர். மொட்டைத் தலையோடு வேலிக்கு வெளியே நின்றிருந்த அவன் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. திரும்பி வரும்போது இருவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருந்தது. கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அடுத்த வருஷம் அவன் வரவில்லை. மாமாவுக்கு உடம்பு விழுந்துவிட்டது. அவன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

எனக்கு ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. முட்டை, பால், இரண்டு வேளைப் பயிற்சி. ஒன்றே முக்கால் வருஷம். அப்புறம் ஒரு போட்டியில் பாடிப் போய்த் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம், வலது முழங்கால் ஒரு பக்கம் என்று ஆனது. உள்ளே நூல் அறுந்ததுபோல ஒரு சத்தம். அந்தக் காலத்தில் ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் எங்களுக்கு எட்டாத பேச்சு. கட்டுப் போட்டு ஆறு மாசம் படுத்தேன். கால் நடக்க வந்தது, ஆட வரவில்லை. கையில் இருந்த சான்றிதழ்கள் உடற்கல்விப் படிப்புக்கு உதவின. இப்போது திண்டிவனத்துக்கு உள்ளே ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதாவது, இப்போது தாளை வைத்துக்கொண்டு பெயர் வாசிக்கும் ஆள் நான்.

2014 ஜூலையில் புரோ கபடி தொடங்கியது. டீக்கடைத் தொலைக்காட்சியில் நீலமும் ஆரஞ்சுமாக மின்னும் மெத்தையில் நம் ஆட்டத்தைப் பார்த்தபோது மச்சான் கையில் இருந்த டீயைக் குடிக்க மறந்தான். எட்டு அணிகள், ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் பாட்னாவின் ராகேஷ் குமார், 12.80 லட்சம். தமிழ்நாட்டுக்கு அப்போது அணி இல்லை. ஆனால் முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூரின் பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர். 2016 ஜூலையில் பாட்னா கோப்பை வென்றபோது அணித் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன், நாற்பதைத் தொட்ட வயசில். "நாப்பதுல ஆடுறாருடா!" என்று மச்சான் என் முழங்காலைப் பார்க்காமல் சொன்னான்.

2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. மச்சான் ஒரு காரியம் தொடங்கினான். லாரி லோடு கணக்கு எழுதும் நீள நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு வருஷமும் நம் அணி தேடிப் போய் எடுக்கும் பெரிய பெயரை எழுதிவைக்க ஆரம்பித்தான். வருஷம், பெயர், விலை, அப்புறம் என்ன ஆனது. மூட்டை எண்ணிக்கைக்குப் பழகிய கை. அந்த நோட்டு இப்போதும் அவன் வீட்டுப் பரணில் இருக்கிறது.

முதல் வரி அஜய் தாக்கூர். புதிய அணிகளுக்கு ஏலத்துக்கு முன்பே ஒரு வீரரை முன்னுரிமையாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. நம் அணி அவரை எடுத்தது. 2016 அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானிடம் பின்தங்கி நின்ற இந்தியாவைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். இமாசலப் பிரதேசத்துக்காரர். தவளைபோல எகிறி, பிடிக்க வருபவர் தலைக்கு மேல் போவார். நல்ல தேர்வு என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஏலம் தொடங்கியதும் பிடிப்பதற்கு அமித் ஹூடாவை 63 லட்சத்துக்கு வாங்கினார்கள். அதே ஏலத்தில் நம் தமிழ்நாட்டு செல்வமணியை 73 லட்சத்துக்கு ஜெய்ப்பூர் தூக்கிக்கொண்டு போனது. மச்சான் அதையும் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறான்.

அந்த வருஷம் நம் அணி தன் பிரிவில் கடைசி. 2018இல் தாக்கூரைத் தக்கவைத்து, மஞ்சீத் சில்லரைச் சேர்த்தார்கள். அக்டோபர் 7ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் தொடக்க ஆட்டம். இரண்டு பேரும் ஈசிஆரில் புதுச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். அன்றைக்கு நடப்புச் சாம்பியன் பாட்னாவையே தோற்கடித்தார்கள். தாக்கூர் தொடையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் மச்சான் எழுந்து நின்றான். ஊர் திரும்பும்போது இரவு இரண்டு மணி, அளமெல்லாம் நிலா வெளிச்சத்தில் தண்ணீராகக் கிடந்தது. அப்படியும் அந்த வருஷமும் கடைசிதான். 2019இல் ராகுல் சவுத்ரி, 94 லட்சம். தொலைக்காட்சியில் அவருக்கு இருந்த ரசிகர் கூட்டம் வேறு யாருக்கும் இல்லை. அந்த வருஷம் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. 2021இல் மஞ்சீத், 92 லட்சம். அதே ஏலத்தில் நம் தமிழ்நாட்டுப் பிரபஞ்சனைத் திரும்ப 71 லட்சத்துக்கு வாங்கினார்கள். மச்சான் அன்றைக்கு எங்கள் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தான்.

நான் கோபப்படுவேன். "நம்ம அணின்னு பேரு. மொத வரில நம்ம பையன் ஒருத்தன் பேரு இருக்கா பாரு" என்பேன். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "எந்த ஊருன்னு பாக்காத. கால் நிக்குதா பாரு. நம்ம மேஸ்திரி ஊரு கேட்டா எடுத்தாரு?" என்பான். எனக்கு அது சரியென்று படவில்லை. மேஸ்திரிக்கு அன்றைக்கு ஒரு நாள் உப்பு வாரினால் போதும். ஓர் அணிக்கு அது போதாது. பாத்தியை முதலில் மிதித்து இறுக்க வேண்டும், அப்புறம்தான் உப்பு இறங்கும். பெரிய பெயர்களுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கைக் கடற்கரை ஊர்களின் மணலில் முதல் வருஷத்திலிருந்தே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் நோட்டின் மிகப் பெரிய வரியை எழுதினான். பவன் செராவத், 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம். அதுவரைக்கும் புரோ கபடியில் யாருக்கும் கொடுக்காத விலை. ஓர் அணி வீரர்களுக்காகச் செலவிடலாம் என்று வைத்திருந்த மொத்த வரம்பே 4.4 கோடி, அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. அந்த ஆளும் அப்படிப்பட்டவர்தான். அவர் பாடிப் போனால் ஏழு பேரும் சுவரோடு ஒட்டியதுபோலப் பின்னால் போவார்கள்.

அக்டோபர் 8, பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம். மச்சான் வீட்டுத் திண்ணையில் பேரன் பேத்திகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக இருபது பேர். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எதிரணியின் ஆளைப் பிடிக்கப் போன செராவத் கீழே விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் வந்தது. திண்ணையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஒன்றும் பேசாமல் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது முழங்காலின்மேல் கையை வைத்தான். இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கிய கை. ஆட்டம் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது. செராவத் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அந்தப் பெரிய பெயர் போனதும், ஏலத்தில் யாரும் கேட்காத ஓர் இளைஞன் முன்னால் வந்தான். புதிய இளம் வீரர் என்ற பிரிவில் சேர்க்கப்பட்ட ஹரியானாவின் நரேந்தர். அந்த ஒரே சீசனில் பாடிப் போய் 200 புள்ளிக்கு மேல் எடுத்தான். அஜிங்க்ய பவார் துணைக்கு நின்றார். தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. டிசம்பரில் மும்பையில் புனேரி பல்தானிடம் நூலிழையில் தோற்றது. அதுதான் இந்த அணி தொட்ட உயரம். நோட்டில் அந்த வருஷத்து வரியில் செராவத் பெயருக்குப் பக்கத்தில் மச்சான் "முட்டி" என்று மட்டும் எழுதியிருந்தான். அடுத்த வரியில் நரேந்தர் பெயர், விலைக் கட்டத்தில் ஒரு சின்ன வட்டம்.

அடுத்த பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். ஹூஸ்டனில் வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்தவன், "மாமா, எங்க ஊர்ல பேஸ்பால் அணிக்கும் இப்படி வருஷா வருஷம் எழுதி வெச்சிருக்காங்க" என்றான். அங்கே ஏலம் இல்லையாம். 1965இலிருந்து வேறொரு ஏற்பாடு. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடும் பையன்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். முந்தின வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் 2022 வரைக்கும் முதல் தேர்வு கிடைத்ததாம்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னா சொல்ற? தோத்தவனுக்கு மொதல்ல எடுக்க விட்டானா?"

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் என்ற அந்த அணி வருஷத்துக்கு 162 ஆட்டம் ஆடும். 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. ஆகவே 2012, 2013, 2014 என்று மூன்று வருஷமும் நாட்டிலேயே முதல் பெயரைச் சொல்லும் உரிமை அதற்கு. 2012இல் புவர்த்தோ ரிக்கோவின் கார்லோஸ் கொரேயா என்ற பதினேழு வயசுப் பையன். அவன் தகப்பனார் கட்டட வேலை செய்தவர். ஐந்து வருஷத்தில் அவனோடு அந்த அணி கோப்பையே வென்றது. 2013இல் மார்க் ஆப்பெல் என்ற பந்து வீசுபவன். அந்த அணியின் முதல் வரிசையில் அவன் ஒரு பந்துகூட வீசவில்லை. வேறு அணிக்கு மாற்றினார்கள், காயம் மேல் காயம், 2018இல் ஆட்டத்தையே விட்டுவிட்டான். 2014இல் பிரேடி ஐக்கன், அவனும் பந்து வீசுபவன். மருத்துவப் பரிசோதனையில் முழங்கையில் ஏதோ குறை என்றார்கள், பேசிய பணத்தைக் குறைத்தார்கள், ஒப்பந்தமே நடக்கவில்லை. அதற்கு ஈடாக மறுவருஷம் கிடைத்த இடத்தில் எடுத்த அலெக்ஸ் பிரெக்மன்தான் பிற்பாடு அந்த அணிக்குத் தூண் ஆனான்.

"மூணு பேரும் மொதப் பேரு. ஒருத்தன் நின்னான், ஒருத்தன் ஒடஞ்சான், ஒருத்தன் உள்ளயே வரல" என்று மச்சான் விரல் விட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டாவது பையன், ஆட்டத்த உட்டவன், இப்ப இன்னா பண்றான்?" என்று கேட்டான்.

"திரும்பி வந்தான் மாமா. மூணு வருஷம் கழிச்சு மறுபடி தொடங்கி, 2022 ஜூன் மாசம் பிலடெல்பியா அணிக்கு முதல் ஆட்டம் ஆடிட்டான். முப்பது வயசுல."

மச்சான் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டான். தலைவாஸ் பட்டியலுக்கு நடுவில் "மார்க் ஆப்பெல், 30 வயசு" என்று ஒரு வரி இன்றைக்கும் இருக்கிறது.

2008இல் ஐபிஎல் கிரிக்கெட்டிலும் பத்தொன்பது வயசுக்கு உட்பட்டவர்களுக்கு இப்படி ஒரு தேர்வு நடந்தது. தில்லி அணிக்கு முதல் வாய்ப்பு, அவர்கள் பிரதீப் சங்வானை எடுத்தார்கள். விராட் கோலி பெங்களூருக்குப் போனார். கையில் தாளோடு நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை இது. பதினைந்து வயசுப் பையன் ஒருவனைப் பார்த்து இவன்தான் என்று சொல்ல எங்களுக்கு அன்றைக்கு ஒரு வெயில், ஒரு தராசு, இரண்டு ஆட்டம், அவ்வளவுதான் கிடைக்கிறது. என் பள்ளியில் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் ஒரு மாசம் முன்பே எடை பார்த்துவிடுவேன். தேர்வு நாள் காலையில் நானே அவர்களோடு உட்கார்ந்து என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வேன். தேர்வாகாத பிள்ளையின் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போவேன். இவ்வளவு வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மச்சானின் நோட்டில் அப்புறம் வந்த வரிகள்: 2023இல் மாசாணமுத்து லட்சணன், 31.6 லட்சம், கடைசிப் பிரிவிலிருந்து எழுந்து வந்த நம் பையன். விலையில் சின்னது என்றாலும் அந்த வருஷத்துக்கு மச்சான் எழுதியது இந்தப் பெயரைத்தான். 2024 ஆகஸ்டில் சச்சின் தன்வர், 2.15 கோடி. 2025இல் அர்ஜுன் தேஷ்வால், 1.405 கோடி. நடுவில், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து கரையில் குவித்திருந்த அம்பாரங்களைக் கரைத்துக்கொண்டு போனது. மச்சான் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பரணில் இருந்ததால் நோட்டு பிழைத்தது.

கூழைப் பற்றி நான் அவனிடம் பேசியதில்லை. அம்மா இறக்கிற வரைக்கும் அவளுக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது சொம்பை அவள் அவனுக்குத்தான் ஊற்றினாள், எனக்கு ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் நானும் வேலிக்கு வெளியேதான் நின்றிருப்பேன். நான் எடுத்த சம்பளம், கட்டிய வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த 200 கிராம் கிடக்கிறது.

போன மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பாத்தி மிதித்து முடித்து முதல் தண்ணீர் விட்டிருந்தார்கள். கால்வாய் ஓரத்து மணலில் இப்போது மச்சான்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ஆள் பிரிக்கும்போது விரல் நீட்டி எடுக்க விடமாட்டான், உத்திதான். பதினெட்டுப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வந்து பெயர் கேட்டார்கள். விமானமா ராக்கெட்டா, இட்லியா தோசையா. எல்லாரும் பிரிந்த பிறகு ஒரு தலைவி, பத்து வயசுப் பெண், எங்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தாத்தா, நீங்க ரெண்டு பேரும் வாங்க. ஒப்புக்கு ஒரு ரவுண்டு."

மச்சான் என் தோளில் கையைப் போட்டான். முப்பது வருஷத்துக்கு முன்னால் போன அதே பனைமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். என் காதருகே குனிந்து சொன்னான். "நீ கருவாடு. நான் கூழு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து நின்றோம். எனக்குக் குரல் வரவில்லை. அவன்தான் கேட்டான்.

"கூழு வேணுமா, கருவாடு வேணுமா?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "கூழு!" என்றாள்.

மச்சான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கம் போய் நின்றான்.